மொழிபெயர்த்து மேம்படுத்தியவர்

"அந்த லிப்பாவுக்கு என் கையெழுத்து என்னைவிட நல்லாப் புரியும். அப்புறம் எதுக்குடி வாராவாரம் வந்து, இது என்ன எழுத்துன்னு கேட்டுட்டு நிக்கிறான்?" என்றார் அப்பா, கடைசி நாள் காலையில், தலையணையில் சாய்ந்தபடி.

"எனக்கென்ன தெரியும்?" பெய்லா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"நாலு வருஷமா அச்சகத்துல அடுத்தவன் வரியக் கோத்தே பழகிட்டான். சொந்தமா ஒண்ணு சொல்ல வாய் வரல. நீயே கேட்டுடேன்."

"பொண்ணு போய்க் கேப்பாளாப்பா?"

"என் கதையில கேப்பா."

அன்று மதியம் தூக்கத்திலேயே போய்விட்டார்.

இன்று மூன்றாம் நாள். கண்ணாடிக்குத் துணி போர்த்தியிருந்தது. யூத வழக்கப்படி நெஞ்சருகே கிழித்த துக்க உடையோடு பெய்லா தாழ்ந்த முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். வார்சாவில் அந்தத் தெருவின் பாதி வீட்டுக்குள் இருந்தது; அழ வந்தவர்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பிரெஞ்சு நாவல்களை அப்பா அன்ஷெல் தங்கள் யிட்டிஷ் மொழியில் எழுதிய அழகு அப்படி. 'மொழிபெயர்த்து மேம்படுத்தியவர்' என்றுதான் வாரப் பத்திரிகைத் தொடரில் அவர் பெயரையே போடுவார்கள்.

"பாரிஸ் சீமாட்டி வெள்ளிக்கிழமை மீன்காரிகிட்ட பேரம் பேசுவாளே, அது அப்படியே என் வாய்" என்றாள் பக்கத்து வீட்டு டோபா, முட்டையை உரித்துப் பெய்லாவிடம் நீட்டியபடி. "செத்த கதாநாயகனைக்கூட மூணாவது வாரம் எழுப்பிட்டார். நாங்க கடுதாசி போட்டோம்ல."

பெய்லா சிரித்தாள். கண்ணீரும் வந்தது.

அப்போது லிப்பா உள்ளே வந்தான். நகக்கண்ணில் மை. எதிர் பெஞ்சில் உட்கார்ந்து தொப்பியைப் பிசைந்தான். துக்கம் காக்கிறவள் முதலில் பேசாமல், புதிதாக வந்தவர் பேசக் கூடாது. மற்றவர்களுக்கு அது கட்டுப்பாடு; லிப்பாவுக்கு வரப்பிரசாதம்.

"அடியே, நீ ஆரம்பிக்காட்டி இவன் அடுத்த சனிக்கிழமை வரைக்கும் இப்படியே உக்காந்திருப்பான்" என்றாள் டோபா.

'வந்தீங்களே, நல்லது' என்று ஒரு வார்த்தை போதும். அவனும் அப்பாவைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்லிவிட்டு எழுந்து போவான். அடுத்த வாரம் வருவதற்கு அவனுக்கு ஒரு சாக்கும் இருக்காது. சந்தேகம் கேட்கக் கையெழுத்து ஏது இனி?

பெய்லா முட்டையைக் கீழே வைத்தாள். அத்தனை பேரும் அவள் வாயையே பார்த்தார்கள்.

"முப்பது நாள் துக்கம் கழியட்டும் லிப்பா" என்றாள். "அப்புறம் என்னைக் கட்டிக்கிறீங்களா?"