மூடி போட்ட கிழங்கு

கோவில் மணி பன்னிரண்டு அடித்து ஓய்ந்த நேரம், குளத்தில் துவைத்த துணிகளோடு ஜெயபாய் அடுக்களைக்குள் வந்தாள். அடுப்பைப் பார்த்தாள். பானை இல்லை.

“ஏட்டி குளோரி, நான் கொண்டுவந்த மரச்சீனிக் கிழங்க என்ன செய்த?”

“அவிச்சாச்சு மைனி. ஸ்மிதா மீன் கறி ஊத்தி ரெண்டு பிளேட் தின்னா.”

“எத்தனை தண்ணி களைஞ்ச?”

குளோரி மேசையிலிருந்த வெள்ளைப் பெட்டியைக் காட்டினாள். அவள் கணவனும் ஜெயபாயின் தம்பியுமான சத்தியநேசன் ஷார்ஜாவிலிருந்து அனுப்பிய மைக்ரோவேவ். உள்ளே ஆவியின் ஈரத்தை உணரும் சென்சார் உண்டு. ஆவி கிளம்பியதும் மிச்ச நேரத்தை அதுவே கணக்குப் போட்டு நின்றுவிடும். கிண்ணத்தை நன்றாக மூடு, சத்தம் வரும்வரை கதவைத் திறக்காதே என்று போனில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தான். அவள் இரண்டு கரண்டித் தண்ணீர் தெளித்து, மூடி, பொத்தானை அமுக்கினாள். இடையில் ஏதோ நெடி அடித்தது. கை கதவுவரை போயிற்று. திறக்கவில்லை.

ஜெயபாய் துணியைத் தரையில் போட்டாள்.

“அது கட்டுக் கிழங்கு. பெருச்சாளிகூடத் தொடாது. அதுக்காவத்தான் எங்க வீட்டுக்காரர் ரப்பர் ஓரத்துல நட்டிருக்காரு. மூடி போடாம ஆவி போவக் கொதிக்கவிட்டு, மூணு தண்ணி களையணும். இல்லேன்னா விஷம்.”

“நீங்க சொல்லல்லியே மைனி.”

“இதையுமா சொல்லுவாங்க? நீ என்ன அமெரிக்காவுலயா பிறந்த?”

குளோரியின் பிறந்த வீட்டில் சந்தை மரவள்ளிதான் வாங்குவார்கள். அதற்கு இந்தக் கசப்புக் கட்டு கிடையாது. கிண்ணத்தில் மிஞ்சிய துண்டை நாக்கில் வைத்தாள். கசப்பு தொண்டைவரை இறங்கியது. மீன் கறியின் உறைப்பில் பிள்ளைக்குத் தெரிந்திருக்காது.

முன்னறையில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. ஸ்மிதா அதைப் பார்க்கவில்லை. வெறுந்தரையில் கன்னத்தை ஒட்டிக் கிடந்தாள்.

“எம்மா, தலை சுத்துது.”

ரசலையனின் ஆட்டோ தெருமுனையில் நின்றது. நெய்யூர் ஆஸ்பத்திரி என்றதும் கேள்வி கேட்காமல் கிளப்பினான். விஷயத்தைப் பாதி வழியில்தான் கேட்டான்.

“மைக்ரோவேவா? எங்க வீட்டுலயும் ஒண்ணு வந்து கிடக்கு. நாங்க அதுல பிஸ்கட் வச்சிருக்கோம்.”

யாரும் சிரிக்கவில்லை. அவன் வண்டியை விரட்டினான்.

“தூங்க விடாத. பேச்சுக் குடுத்துட்டே இரி” என்றாள் ஜெயபாய்.

“மக்களே, உங்க மிஸ் பேரு என்ன?”

“அஜிதா மிஸ்.”

“எந்தக் கிளாஸ் நீ?”

“செகண்ட் பி.”

அடுத்த வளைவில் ஸ்மிதா தாயின் மடியிலேயே வாந்தி எடுத்தாள். “வரட்டும், எல்லாம் வரட்டும்” என்று ஜெயபாய் தன் முந்தானையால் துடைத்தாள். குளோரியின் கைப்பையில் போன் அடித்தது. சத்தியநேசன்.

“எடுக்காத.”

“ஏன் மைனி?”

“கிழங்கு எங்கேருந்து வந்துன்னு கேப்பான்.”

போன் அடித்து ஓய்ந்து மறுபடி அடித்தது. குளோரி அதை எடுக்கவில்லை. மைனிக்காக அல்ல. பிள்ளையைப் பிடித்திருந்த கையை எடுக்க அவளுக்குத் தைரியம் இல்லை.

சாலைக்குக் குறுக்கே மரத்தடி ஏற்றிய லாரி ஒன்று பின்னுக்கு வந்துகொண்டிருந்தது. ரசலையன் ஹாரனை விடாமல் அழுத்தினான். இறங்கி ஓடி, லாரிக்காரனின் கதவில் அடித்தான். “சவமே, வண்டியில பிள்ள கிடக்குலே!”

“ஸ்மிதா, இன்னைக்கு என்ன கிழமை?”

ஸ்மிதாவின் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.

“மக்களே, அம்மா கேக்கேன்ல?”

கண் திறந்துதான் இருந்தது. அது குளோரியைத் தாண்டி ஆட்டோவின் கூரையில் நின்றது. மூச்சு வேகமாக வந்தது. ஜெயபாய் குளோரியை ஒதுக்கிவிட்டுக் குனிந்தாள். இரண்டு கையாலும் பிள்ளையின் முகத்தை ஏந்தித் தன் பக்கம் திருப்பினாள்.

“இங்க பாரு மக்களே. நான் யாரு? அத்தை பேரச் சொல்லு.”