சாக்குக்கு வெளியே ஒரு கை

தானே புயல் அடித்து ஓய்ந்த மறுநாள் பகல். பண்ருட்டிக்கும் குறிஞ்சிப்பாடிக்கும் நடுவில் இருந்த அந்த முந்திரித் தோப்பில், நிமிர்ந்து நின்ற மரம் என்று கை நீட்டிக் காட்ட ஒன்றுகூட இல்லை. தோப்புக் காவலுக்கு இருந்த கொளஞ்சியப்பனின் இடது கால் ஒரு பலா மரத்தின் அடியில் மாட்டியிருந்தது. ஆட்டை அவிழ்த்துவிட ஓடியவன் மேல் சாய்ந்த மரம் அது. ஆடு தப்பித்துவிட்டது.

அவன் மனைவி மங்கலம் மண்வெட்டியால் காலுக்கடியில் தோண்டிப் பார்த்தாள். தோண்டத் தோண்ட மரம் இன்னும் இறங்கியது. அவன் அலறிய அலறலில் நிறுத்திவிட்டாள். செல்போனில் டவர் இல்லை. ரோட்டுக்குப் போய் ஆள் கூட்டி வரலாம்தான். ஆனால் பக்கத்திலேயே விழுந்து கிடந்த பனையில் ஒரு கதண்டுக் குளவிக் கூடு பாதி உடைந்து தொங்கியது. நாலைந்து கதண்டு சேர்ந்து கொட்டினால் மனுஷன் பிழைப்பது கஷ்டம். ஓட முடியாதவனை அதன் பக்கத்தில் விட்டுவிட்டு எப்படிப் போவாள்?

மரத்துக்கு அந்தப் பக்கம் நீட்டிக்கொண்டிருந்த அவன் பாதம் கறுத்துக்கொண்டே வந்தது.

"வலிக்குதா மாமா?"

"வலிச்சாத் தேவலையே. காலு இருக்குதான்னே தெரியல."

அப்போதுதான் வடக்கே ரீங்காரம் கேட்டது. முந்திரிக் காட்டில் பிறந்தவர்களுக்கு அந்தச் சத்தத்தைப் பற்றி யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. கையில் அகப்பட்டதைப் போர்த்திக்கொண்டு, தரையோடு தரையாக, மூச்சையும் அடக்கிக்கொண்டு கிடக்க வேண்டும். மங்கலம் கொட்டை அள்ளும் கோணிச் சாக்குகளை இழுத்து அவன்மேல் போட்டு, தானும் உள்ளே நுழைந்துகொண்டாள்.

சத்தம் தலைக்கு மேலே வந்து அங்கேயே நின்றது. கதண்டு இப்படி ஓரிடத்தில் நின்று இரையாதே என்று சாக்கை விலக்கிப் பார்த்தாள். நாலு காத்தாடிகள் சுற்ற, சிலந்தி மாதிரி ஒன்று தென்னை உயரத்தில் நின்றது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கிழக்கே திரும்பிப் போய்விட்டது.

"மாமா, அது கதண்டு இல்ல, மிஷினு. கல்யாணத்துல வீடியோக்காரன் வச்சிருப்பானே, அந்தக் கண்ணாடி அடியில இருக்கு. நம்மளத் தேடுறாங்க."

"எனக்குன்னு ஒருத்தன் படம் எடுக்க வந்தான். அதுலயும் மூஞ்சிய மூடிட்டியேடி."

அவள் பலா மரத்தின்மேல் ஏறி, முந்தானையை அவிழ்த்துச் சுழற்றினாள். தொண்டை கிழியக் கத்தினாள். போன சத்தம் திரும்பியது. அவளைப் பார்த்துவிட்டது போலும், நன்றாகப் பார்க்கக் கீழே இறங்கியது. பனை உயரம், ஆள் உயரம். அதன் காற்றில் பனை மட்டைகள் படபடத்தன.

"மேல போ, மேல போ" என்று கையை வீசினாள். கூப்பிடுகிறாள் என்று நினைத்தார்களோ என்னவோ, இன்னும் நெருங்கியது. கூடு கலைந்தது.

மங்கலம் குதித்து, புருஷன்மேல் விழுந்து, சாக்குகளை இழுத்து மூடினாள். கோணிக்கு வெளியே கதண்டுகள் மோதின. அசையாமல் கிடந்தால் போய்விடும். அது அவளுக்குத் தெரியும். ஆனால் அசையாமல் கிடப்பதை மேலிருந்து பார்க்கிறவன் என்ன நினைப்பான்? செத்துப்போச்சுங்க என்று எழுதிக்கொண்டு, உயிரோடு இருக்கிறவர்களைத் தேடிப் போவான். பொணம் எடுக்க நாளைக்கு வருவான்.

சாக்கின் ஓரத்தில் வலது கையை மட்டும் வெளியே நீட்டினாள். ஆட்டினாள்.

முதல் கொட்டு முழங்கையில். நெருப்புக் கங்கை அழுத்தியது போல இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு ஆட்டினாள். அடுத்தது மணிக்கட்டில். ரீங்காரம் மேலே ஏறித் தேய்ந்தது.

"போயிட்டான் புள்ள. கைய உள்ள எடு."

"போனவன் திரும்பிப் பாத்தா?"

கை மரத்துத் தானாக விழும்வரை ஆட்டினாள்.

பொழுது சாய மரம் அறுக்கும் மிஷினோடு ஆட்கள் வந்தார்கள். அவள் சாக்குக்குள்ளிருந்தே "கதண்டு, கதண்டு" என்று கத்தியதில், பழைய டயரைக் கொளுத்திப் புகை போட்டுக்கொண்டுதான் கிட்டே வந்தார்கள். பலா மரத்தைத் துண்டு துண்டாக அறுத்துக் கொளஞ்சியப்பனைக் கட்டிலில் தூக்கினார்கள். கால் நிற்குமா என்பதைக் கடலூர் பெரியாஸ்பத்திரியில்தான் சொல்வார்கள். ஆள் இருந்தான்.

அறுப்பு ஆட்களுக்குத் தலைவன் சிங்காரம், வீங்கிப்போன அவள் கையைப் பார்த்தான்.

"சிதம்பரத்துப் பக்கம் ஒரு காலேஜ் ஆளுங்க கொண்டாந்த மிஷினும்மா. மொத தடவ வெறும் சாக்குன்னு வுட்டுட்டோம். அப்புறம் நீ மரத்துமேல நிக்கிறது தெரிஞ்சு எறக்குனா, சாக்குக்குள்ள பூந்துட்ட. கை மட்டும் ஆடுது. அதான் மத்ததப் போட்டுட்டு இந்தப் பக்கம் அறுத்துக்கிட்டு வந்தோம்."

"அடுத்த தோப்புல சடையப்பன் வூட்டுக்காரங்க இருக்காங்கண்ணே. அங்கயும் மிஷின அனுப்புங்க. ஆனா எறக்க வேணாம். ஒசரத்துலயே வச்சிப் பாக்கச் சொல்லுங்க."

"ஒசரத்துலருந்து பாத்தா அவுங்களும் சாக்காத்தான தெரிவாங்க?"

கட்டிலைத் தூக்கிக்கொண்டு நகர்ந்த ஆட்களின் பின்னே ரெண்டு எட்டு வைத்த மங்கலம் திரும்பினாள்.

"அப்ப மொதல்ல ஒராளு போயி கத்தட்டும். வர்றது மிஷினுன்னு சொல்லிட்டு அப்புறமா வுடுங்க."

சிங்காரம் போனில் மிஷின்காரனைக் கூப்பிடப் பார்த்தான், டவர் இல்லை. அவன் நிற்கிற ரோட்டுக்கு ஓர் ஆளை விரட்டி, நான் கத்தி முடிக்கிறவரைக்கும் வுட வேணாம்னு சொல்லு என்றான். பிறகு கிளைகளை விலக்கிக்கொண்டு அடுத்த தோப்புப் பக்கம் நடந்தான். கொஞ்ச நேரத்தில் அவன் குரல் கேட்டது.

"சடையப்பா, மிஷினு வருது. கதண்டு இல்ல. வெளிய வந்து நில்லுங்க."

திரும்பத் திரும்பக் கத்தினான். அந்தக் குரல் ஓய்ந்த பிறகுதான் ரீங்காரம் கிளம்பியது.