மூடிய புகார்

லிஃப்ட் கம்பெனி அலுவலகச் சுவரில் ஒரு பெரிய திரை உண்டு. அன்றைய புகாரை அன்றே முடிக்கும் மெக்கானிக்கின் பெயர் அதில் பச்சையில் தெரியும். முடிக்காதவன் பெயர் சிவப்பில். மூன்று மாதம் தொடர்ந்து சிவப்பு என்றால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். நெட்டையன் என்று எல்லோரும் கூப்பிடும் மெக்கானிக் ஒருவன் அப்படித்தான் போனான். நம் மெக்கானிக்குக்கு இது மூன்றாவது மாதம். மாதம் முடிய ஒரே ஒரு நாள்தான் பாக்கி.

அன்று வந்த புகார் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்திலிருந்து. லிஃப்ட் நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் ஒரு சாண் மேலே நழுவுகிறது என்றார்கள். மொட்டைமாடி இயந்திர அறையில் பிரேக்கைத் திறந்து பார்த்தான். பிரேக் கட்டைகள் தேய்ந்து வழவழவென்று இருந்தன. பிடி விட்டால் எதிர்ப்பக்க எடைக்கல் லிஃப்டை மேலே இழுத்துவிடும். ஸ்டோரில் கேட்டால், புதுக் கட்டைகள் அடுத்த வாரம்தான் வரும் என்றார்கள்.

மேற்பார்வையாளருக்குப் போன் போட்டான். அவர் வேறு யாருமில்லை, மனைவியின் அண்ணன்தான்.

“மச்சான், இதை ஓட விடக்கூடாது. நிறுத்தி வச்சுட்டு வரேன்.”

“நிறுத்தினா புகார் முடியாது மாப்ள. உன் பேரு சிவப்புலயே நிக்கும். ஸ்பிரிங்கை இறுக்கி ஓட விட்டு, முடிச்சுடு. சாமான் வந்ததும் புதுசா ஒரு புகார் போட்டுக்கலாம்.”

“அதுக்குள்ள ஏதாவது ஆயிட்டா?”

“எல்லாரும் இப்படித்தான் பண்றாங்க. நீ மட்டும் வானத்துலேர்ந்து குதிச்சியா?”

இறுக்கினான். காலி லிஃப்டை மேலும் கீழும் ஓட்டிப் பார்த்தான். ஒழுங்காகத்தான் நின்றது. கைப்பேசியில் ‘முடிந்தது’ என்பதைத் தொட்டான். பெயர் பச்சையானது.

வீட்டில் சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்தான். கைப்பேசி அடித்ததும் பாதி எழுந்துவிட்டான். யாரோ ஒரு பெண், வீட்டுக்கடன் வேண்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்று வைத்தான்.

“உடம்புக்கு முடியலையா?” என்றாள் மனைவி.

நடந்ததைச் சொன்னான். அவள் முதலில் அண்ணனுக்குத்தான் பரிந்து பேசினாள். “அவருக்குத் தெரியாததா? அத்தனை பேரைக் கட்டி மேய்க்கிறவரு.” தட்டை எடுக்கக் குனிந்தவள் அப்படியே நின்றாள். “ஏங்க, நம்ம பொண்ணை அந்த லிஃப்டுல ஏத்தி விடுவீங்களா?”

சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினான்.

கட்டடத்துக்குள் அவன் நுழைந்தபோது கீழ்த்தளத்தில் லிஃப்ட் திறந்திருந்தது. ஒரு தகப்பன் குழந்தையின் தள்ளுவண்டியை வெளியே தள்ளிக்கொண்டிருந்தார். முன்சக்கரம் தரைக்கு வந்துவிட்டது. பின்சக்கரம் இன்னும் உள்ளே. சத்தமே இல்லாமல், கதவு திறந்தபடியே, லிஃப்ட் மேலே நகர ஆரம்பித்தது.

வண்டி முன்னால் சாய்ந்தது. மெக்கானிக் பாய்ந்து அதைக் குழந்தையோடு வெளியே இழுத்தான். “வெளிய வராதீங்க. உள்ளயே நில்லுங்க” என்று கத்தினான். இடுப்புயரம் ஏறி லிஃப்ட் நின்றது. மாடிப்படி முழுக்க ஓடி, இயந்திரத்தைச் சங்கிலியால் கட்டிவிட்டு வந்த பிறகுதான் அவரை இறக்கினான். அவர் குழந்தையை வாரி எடுத்து அணைத்துக்கொண்டு, “நீங்க மட்டும் வரலன்னா” என்று கும்பிட்டார். அவர் முகத்தைப் பார்க்க இவனால் முடியவில்லை.

மறுநாள், நடந்ததைக் கேள்விப்பட்ட மேலாளர் கூப்பிட்டுக் கேட்டார்: “புகாரை மூடச் சொன்னது யாரு?”

மச்சான் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

“நானாத்தான் மூடினேன் சார். ஆனா நான் மட்டும் இல்ல. அந்தப் பச்சையில இன்னும் எத்தனை இப்படின்னு விசாரிங்க.”

மேலாளர் விசாரிக்கவில்லை. சாவிகளை வைத்துவிட்டுப் போகச் சொன்னார், இனி வேலைக்கு வர வேண்டாம் என்றார்.

சாயங்காலம் மச்சான் வீட்டுக்கு வந்தார். தங்கை கூப்பிட்டும் உள்ளே வரவில்லை. வாசலிலேயே நின்றார்.

“என் பேரை ஏன் சொல்லல?”

“சொன்னா மட்டும் அந்த பிரேக் சரியாயிடுமா?”

மச்சான் வண்டிச் சாவியை எடுத்தார். “ஆஸ்பத்திரி லிஃப்ட் ஒண்ணையும் இதே மாதிரி மூடச் சொன்னேன். தனியாப் போக பயமா இருக்கு. கூட வர்றியா?”

மெக்கானிக் வண்டியில் பின்னால் ஏறிக்கொண்டான். ஆஸ்பத்திரி வாசலில் கூட்டம். இருவரும் வண்டியைப் போட்டுவிட்டு ஓடினார்கள். கிட்டப் போய்ப் பார்த்தால், நோயாளிகளைப் பார்க்க வந்தவர்கள்தான்.

லிஃப்டை நிறுத்தினார்கள். ஸ்ட்ரெச்சரோடு காத்திருந்த ஊழியர், எப்போது சரியாகும் என்று சண்டைக்கு வந்தார். அடுத்த வாரம் என்று சொல்லி அனுப்பிவிட்டு, மச்சான் குரலைத் தாழ்த்தினார்.

“இன்னும் மூணு இருக்கு மாப்ள.”