காரு கான் பாயும் என் குதிரையும்

மாயவன் சொட்டுநீர்க் குழாய் விற்கிறவன். செஸ்ஸும் அப்படித்தான் ஆடுவான், சொட்டுச் சொட்டாக. நான் ராஜாவுக்கு முன்னால் நிற்கிற சிப்பாயை இரண்டு கட்டம் பாயவிட்டால், அவன் ராணிப் பக்கம் ஒரு சிப்பாயை ஒரே ஒரு கட்டம் தள்ளிவிட்டுக் கையைக் கட்டிக்கொள்வான். அந்தத் தடுப்பாட்டத்துக்குப் பெயர் காரோ கான். தியாகதுருகம் மலைக்கோட்டையைக்கூட மூச்சு வாங்கி ஏறிவிடலாம், இதை ஏற முடியாது. கள்ளக்குறிச்சியில் இருக்கிற என் டிராக்டர் உதிரிபாகக் கடையில் ஞாயிறானால் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அவனிடம் தோற்பது என் வழக்கம்.

"இன்னிக்கும் காரோ கான்கிட்ட மாட்டிக்கினேன்" என்று நான் புலம்பப் புலம்ப, ஒருநாள் பின்கட்டிலிருந்து டீ கொண்டுவந்த என் மனைவி சந்தியா கேட்டாள்.

"யாருங்க அந்த காரு கான் பாய்? சங்கராபுரத்துல பழைய காரு வாங்கி விக்கிறாரே, அவரா? அவருகிட்ட உங்களுக்கு இன்னா வம்பு?"

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். மாயவன் சிரிக்கவில்லை. பலகையை அவள் பக்கம் திருப்பி, ஒவ்வொரு காயாக நகர்த்தி விளக்கினான்.

"அண்ணன் எவ்ளோ பொறுமையா சொல்றாரு!" என்றாள்.

பொறுமை என்ற சொல்லை அவள் என்னோடு சேர்த்துச் சொல்லி நான் கேட்டதே இல்லை. அடுத்த ஞாயிறு மாயவனின் டீயில் இஞ்சி மணந்தது. என் டீயில் டீ மட்டும் இருந்தது. அதையும் பொறுத்துக்கொண்டிருப்பேன். ஆனால் டம்ளரை வைத்துவிட்டு அவள் சொன்னாள்: "நானும் செஸ் கத்துக்கப் போறேன். இன்னிக்கு யாரு ஜெயிக்கிறீங்களோ, அவங்ககிட்ட."

என் பெண்டாட்டிக்கு அடுத்தவன் குதிரை நகர்த்தக் கற்றுக்கொடுப்பதா?

அன்று நான் ஆடியது ஆட்டமல்ல, கலவரம். என் குதிரையை அவனுடைய சிப்பாய்ச் சுவரில் மோதவிட்டேன். பிறகு மந்திரியையும் தூக்கிக் கொடுத்தேன். ராணி போய் செக், மறுபடி செக். சந்தியா டீத் தட்டோடு நின்றபடியே பார்த்தாள். மாயவனின் ராஜா கூட்ட பஸ்ஸில் ஒதுங்குகிறவனைப் போல ஒவ்வொரு கட்டமாக ஒதுங்கி மூலையில் போய் உட்கார்ந்துகொண்டது. அதற்குள் என் ராணிக்குத் துணை நிற்கக் காய் தீர்ந்து, நான் தோற்றுப்போயிருந்தேன்.

"இன்னாடா கவி, ராணியத் தவிர எல்லாத்தையும் தானம் பண்ணிட்ட" என்றான் மாயவன்.

நான் காய்களைப் பெட்டியில் போட்டேன்.

"சரிம்மா, சொல்லு. எதுல இருந்து ஆரம்பிக்கலாம்?" என்று அவன் சந்தியாவைக் கேட்டான்.

"அந்தக் குதிரைய விட்டெறிஞ்சாரே, அதுலேர்ந்து. பாத்துக்கினு இருந்த எனக்கே நெஞ்சு படபடன்னு அடிச்சிக்கிச்சு. அத சொல்லிக் குடுங்கண்ணே."

மாயவனின் முகம் வாடியது. "அது எனக்கு வராதும்மா. வந்திருந்தா இந்தச் செவுத்துக்குப் பின்னாடி ஏன் ஒளிஞ்சிக்கினு இருக்கேன்? இவனத்தான் கேக்கணும்."

எனக்கு உடம்பெல்லாம் இஞ்சி மணந்தது. பெட்டியைத் திறந்து குதிரையை எடுத்தேன்.

"சொல்லுங்க, இத எப்போ தூக்கிக் குடுக்கணும்?"

"எப்பவும்."

"எப்போ குடுக்கக் கூடாது?"

யோசித்தேன். உண்மையிலேயே யோசித்தேன். "தெரியலையே."

"பரவால்ல" என்று அவள் மாயவன் பக்கம் திரும்பினாள். "அத நீங்க சொல்லுங்கண்ணே. இருங்க, மொதல்ல இன்னொரு டீ போட்டு எடுத்தாறேன்."

இரண்டு டம்ளரிலும் இஞ்சி இருந்தது. அவனுடையதில் கொஞ்சம் ஜாஸ்தி என்றுதான் இன்னமும் எனக்குச் சந்தேகம்.