வெறும் வயிற்று மாத்திரை

பேச்சிராஜின் இருதயம் தாறுமாறாகத் துடிக்கிறது, ரத்தம் உறைந்துவிடக் கூடாது என்று ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்த பெரிய டாக்டர் இரண்டே இரண்டு விஷயம்தான் சொன்னார். தினமும் ஒரே நேரத்தில் போட வேண்டும். ராத்திரிச் சாப்பாட்டோடு போட வேண்டும். சொல்லிவிட்டுப் போவதற்கு அவருக்கென்ன! இருங்காட்டுக்கோட்டையில் கார் உதிரிபாகக் கம்பெனியில் வாரத்துக்கு ஒரு ஷிப்டாக மாறி மாறிப் பார்க்கிறவனுக்கு ராத்திரிச் சாப்பாடு என்று ஒன்று எங்கே இருக்கிறது? ஒரு வாரம் வீட்டில், மறுவாரம் கேன்டீனில், அதற்கடுத்த வாரம் எப்போது எதைத் தின்றான் என்று அவனுக்கே தெரியாது.

இரண்டில் ஒன்றைத்தான் காப்பாற்ற முடியும் என்றானபோது அவன் மனைவி சந்தனமாரி நேரத்தைக் காப்பாற்றினாள். ராத்திரி ஷிப்ட் ஐந்தரைக்கே விட்டுவிடும், பகல் ஷிப்ட் எட்டுக்குத்தான்; எந்த ஷிப்டானாலும் காலை ஆறரைக்கு அவன் வீட்டில் இருப்பான். அவளும் அந்த நேரத்தில்தான் தைராய்டு மாத்திரை போடுவாள். வெறும் வயிற்றில் போட்டால்தான் முழுசாகப் பிடிக்கும் என்று அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். தொண்டைக்கு ஒரு நியாயம், நெஞ்சுக்கு ஒரு நியாயமா என்று அவனுக்கும் அப்படியே கொடுத்தாள். மூன்று மாதம், ஒரு நாள் தவறாமல்.

இன்று காலை பத்து மணிக்கு லைனில் நின்றவனின் வலது கை தொங்கிவிட்டது, வாய் கோணிவிட்டது. கூட வேலை பார்க்கும் பென்னலூர்க்காரன் திருமலைதான் பக்கத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிவந்து அவளுக்குப் போன் செய்தான்.

“மாத்திரை ஒழுங்கா போட்டாரா?” என்று கேட்டார் அங்கே அவசரப் பிரிவில் இருந்த டாக்டர் சுகப்பிரியா.

“ஒரு நா தவறல டாக்டர். இன்னிக்குக் காலைலகூட நாந்தான் குடுத்தேன்” என்று தலைநிமிர்ந்து சொன்னாள்.

“சாப்பாட்டோடவா?”

“வெறும் வயித்துல. அப்பந்தான முழுசா பிடிக்கும்?”

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். “இந்த மாத்திரை சாப்பாட்டோட போனாத்தாம்மா உடம்புல சேரும். வெறும் வயித்துல போட்டா மூணுல ஒரு பங்கு சேராமலே போயிடும். அதனாலகூட மூளையில ரத்தம் கட்டியிருக்கலாம்.”

என் கையாலேயே கெடுத்தேனே என்று சந்தனமாரி நெஞ்சில் அடித்துக்கொண்டாள். கட்டியைக் கரைக்க ஊசி இருக்கிறதாம், அதைப் போட இன்னும் நேரமும் இருக்கிறதாம். ஆனால் கடந்த ரெண்டு நாளுக்குள் அந்த மாத்திரை போட்டவர்களுக்கு அதைப் போட முடியாதாம்.

“சேரலன்னு நீங்கதான சொன்னிய!”

“கட்டியைத் தடுக்கத்தான் பத்தல. மிச்சம் ரத்தத்துல இருக்கும்மா. ஊசி போட்டா மூளைக்குள்ள ரத்தம் கொட்டிடும். சென்னைக்கு அனுப்புறேன். அங்க ரத்தக் குழாய் வழியா கம்பி விட்டுக் கட்டியை எடுக்கப் பார்ப்பாங்க.”

“பூந்தமல்லி தாண்டவே ஒரு மணி நேரம் ஆவும்க்கா, டிராபிக் அப்டி கீது” என்றான் திருமலை, தாழ்ந்த குரலில்.

சந்தனமாரி டாக்டரின் காலைப் பிடித்துக்கொண்டாள். “நான் பொய் சொன்னேன் டாக்டர்! அவிய மாத்திரையே போடல. ஒரு வாரமா நான் குடுக்கல, மறந்துட்டேன். பாவி நான். ஊசியப் போடுங்க!”

திருமலை முகத்தைத் திருப்பிக்கொண்டான். டாக்டர் அவளை விலக்கிவிட்டுக் கட்டிலருகே போனார். பேச்சிராஜுக்குப் பேச்சு வரவில்லை; நினைவு இருந்தது. ஊசி சங்கதி ஒன்றும் அவனுக்குத் தெரியாது. மனைவி கதறியது மட்டும் காதில் விழுந்திருந்தது.

“பேச்சிராஜ், இவங்க உங்களுக்கு மாத்திரையே குடுக்கலையாமே. நிஜமா?”

டாக்டரின் முதுகுக்குப் பின்னால் சந்தனமாரி இரண்டு கையையும் கூப்பினாள். ஆமாம் என்று தலையாட்டுங்கள், ஒரே ஒரு தடவை ஆட்டுங்கள் என்று கண்ணாலேயே கெஞ்சினாள்.

அவன் அவளைப் பார்த்தான். யாரோ அவளைக் குற்றம் சொல்லி அழவைத்துவிட்டார்கள் என்றுதான் அவனுக்குத் தோன்றியது. பெண்டாட்டியை யாரும் ஒரு சொல் சொன்னால் பொறுக்காத ஆள் அவன். கோணிய முகத்தில் கோபம் ஏறியது. இல்லவே இல்லை என்று தலையை அசைத்தான். இடது கையைத் தூக்கி அவளைக் காட்டினான், தன் வாயைக் காட்டினான். டாக்டர் போதும் என்று சொல்லும்வரை திரும்பத் திரும்பக் காட்டினான்.