வந்த தேதி

திங்கட்கிழமை சாயங்காலம் பட்டியை அடைக்கும்போது எண்ணிப் பார்த்ததில் ஓர் ஆடு கூடுதலாக இருந்தது. ஒன்பது நிற்க வேண்டிய இடத்தில் பத்து. ஆடு குறைந்தால் பதறலாம், நாயையோ நரியையோ திட்டலாம். கூடினால் என்ன செய்வதென்று ஐம்பத்தெட்டு வயதில் அவளுக்குத் தெரியவில்லை. அழைக்காத வீட்டுக்கு வந்துவிட்ட சொந்தக்காரி மாதிரி ஒரு செவலை ஆடு வேலியோரமாக ஒதுங்கி நின்றது.

காதைப் பிடித்துத் திருப்பினாள். மஞ்சள் காதுவில்லை. முதல் நான்கு எண்கள் எந்தப் பட்டி என்று சொல்லும், அடுத்த மூன்று எந்த ஆடு என்று சொல்லும். நாலாயிரத்து நூற்று எழுபத்திரண்டு. அதைப் படிக்க அவளுக்குக் கண்ணாடி வேண்டியிருக்கவில்லை. அப்பாவின் பதிவேட்டில் இருபது வருஷம் அவள் கைப்பட எழுதிய எண் அது. அப்பா போன பிறகு பட்டி இரண்டானது. அவளுக்குப் புது எண் வந்தது. பழையது தம்பியோடு நின்றுகொண்டது.

தம்பி மேட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தான். நடந்தால் முக்கால் மணி நேரம். இருவரும் பேசிப் பதினோரு வருஷம் ஆகிறது. அவளுக்குப் புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான், பிள்ளை இல்லை. அவன் கட்டிக்கொள்ளவே இல்லை. மேட்டுக்கு ஒரு பக்கம் ஒற்றை ஆள், மறுபக்கம் ஒற்றை ஆள்.

அம்மா அவள் வீட்டில்தான் படுத்துக் கிடந்து செத்தாள். மூன்று மாதத்தில் அவன் இரண்டே தடவை எட்டிப் பார்த்தான். அந்த ஆத்திரம் அவளுக்கு. சனிக்கிழமை காலையில் உயிர் போனது; ஞாயிறு மத்தியானம் அடக்கம் முடிந்த பிறகே அவனுக்கு போன் போட்டாள். ஓடி வந்தான். மண் ஈரம் காயவில்லை. "டவர் கிடைக்கல" என்றாள். "ஒரு நாளு பூராவா, அக்கா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போனவன்தான்.

செவலையின் மடி பால் கட்டி வீங்கியிருந்தது. தொட்டால் உதைத்தது. காலையிலிருந்து யாரும் கறக்கவில்லை. காய்ச்சலில் கிடந்தாலும் கறவை தப்பாதவன் அவன். இதை அவள் யோசித்தாள். யோசிக்கவில்லை என்று பிற்பாடு தனக்குத்தானே சொல்லிப் பார்த்துக்கொண்டதும் உண்டு, ஆனால் யோசித்தாள். கறந்து முடித்து, 'ஆடு அவனுது. தேடி வரட்டும், அவனா வாசல்ல வந்து நிக்கட்டும்' என்று நினைத்துக்கொண்டு கதவைச் சாத்தினாள்.

செவ்வாய்க்கிழமை அவன் வரவில்லை. ஓடை வரைக்கும் மேய்த்துக்கொண்டு போனவள் மேட்டுப் பாதையைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள். அவன் வந்தால் முதலில் என்ன சொல்வது என்று இரண்டு மூன்று விதமாக வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். எல்லாமே சண்டையாகத்தான் முடிந்தன. முகம் கழுவிக்கொண்டு நல்ல துணியாகவும் உடுத்தியிருந்தாள், வெட்கக்கேடு.

ஓர் ஆடு பட்டி மாறினால் மூன்று நாளுக்குள் கால்நடை ஆபீசுக்குச் சொல்ல வேண்டும் என்பது விதி. விட்ட பட்டி, வந்த பட்டி, வந்த தேதி, இரண்டு பேர் கையெழுத்து. நோய் பரவினால் எந்த ஆடு என்றைக்கு எங்கே நின்றது என்று பின்னாலேயே போய்ப் பார்ப்பதற்கு. புதன்கிழமை காலையில் அவள் அந்த விதியைத்தான் சாக்காகப் பிடித்துக்கொண்டாள். தம்பியைக் கூப்பிடவில்லை. ஆபீசில் காதுவில்லை போடுகிற ஆளைக் கூப்பிட்டாள். ஊரில் அவருக்குக் கம்மல்காரர் என்று பெயர்.

"உங்க தம்பி ஆடு, நீங்களே கொண்டுபோய் விட்டா ஆச்சு. அதுக்கு நான் எதுக்கும்மா?"

"விதின்னு ஒண்ணு இருக்குல்ல சார்? நீங்களே அந்தப் பக்கம் போய்ச் சொல்லிடுங்க."

மத்தியானம் அவர் திரும்ப அழைத்தபோது மூச்சு வாங்கியது. "அம்மா, உடனே வாங்க. பட்டிக் கதவு திறந்து கெடக்கு. தண்ணித் தொட்டிகிட்ட விழுந்து கெடக்காரு. இடுப்புல அடி. திங்கக்கிழமை காலையில விழுந்தாராம். ஆட்டுத் தண்ணியக் குடிச்சுக்கிட்டு உசுரப் புடிச்சு வச்சிருக்காரு. ஆம்புலன்சுக்குச் சொல்லிட்டேன்."

முக்கால் மணி நேர மேட்டை அவள் எப்படி ஏறி இறங்கினாள் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. போய்ச் சேர்ந்தபோது வண்டி கிளம்பிவிட்டிருந்தது. தொட்டிக்குப் பக்கத்தில் மண்ணில் ஓர் ஆள் அளவுக்குப் பள்ளமாக, முழங்கையால் அரக்கி அரக்கி நகர்ந்த தடம் இருந்தது. பதினான்கு ஆடுகளும் கறக்காத மடியோடு கத்திக்கொண்டு நின்றன. ஒவ்வொன்றாகப் பிடித்து மண்ணிலேயே பீச்சிவிட்டாள்.

வீட்டுக்குள் ஒரு தட்டு, ஒரு தம்ளர், ஒரு நாற்காலி. மேஜையில் பதிவேடு திறந்திருந்தது. ஈன்றது, செத்தது, விற்றது என்று அதனதன் கட்டத்தில் ஒழுங்காக எழுதியிருந்தான். கடைசியில் குறிப்பு என்றொரு கட்டம். தடுப்பூசி, குடல்புழு மருந்து என்று எழுத வேண்டிய இடம் அது. அவன் வேறு என்னென்னவோ எழுதி வைத்திருந்தான். 'மழை.' 'யாரும் வரவில்லை.' 'பல்வலி.' ஒவ்வொரு நாளும் அதற்குக் கீழே பொடி எழுத்தில், 'புகை தெரிந்தது.' ஞாயிறு வரைக்கும் இருந்தது. அதற்குப் பிறகு வெறும் கோடுகள்.

என்ன புகை என்று புரியாமல் வாசலுக்கு வந்து பார்த்தாள். எதிரே மேடு. அதற்கு அப்பால் இருக்கிற அவளுடைய வீட்டின் கூரை இங்கிருந்து தெரியாது. அடுப்பு மூட்டினால் தெரியும்.

கம்மல்காரர் பைக்கின் சீட்டில் காகிதத்தை விரித்தார். "ஆடுகளை நீங்கதானே ஓட்டிட்டுப் போகணும்? எல்லாத்தையும் ஒரே படிவத்துல எழுதிடறேன். அந்தச் செவலையையும் சேர்த்துப் பதினஞ்சு. வந்த தேதி, இன்னைக்கு."

"செவலை இன்னைக்கு வரல சார்."

"தெரியும்மா. ஆனா ஒரே தேதியாப் போட்டா ஒரே கையெழுத்தோட முடியும். அவரு இருக்கற நெலமையில..." அவர் முடிக்கவில்லை. அவருக்கு நல்ல மனசு. அவள் முகத்தைப் பார்க்காமல் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

அவள் கொஞ்ச நேரம் ஆடுகளைப் பார்த்தாள். புதன் என்று எழுதிவிட்டால் அவனுக்குத் தெரியவே போவதில்லை. செவலை காட்டில் சுற்றித் திரிந்து இன்றைக்குத்தான் வந்தது என்று ஆகிவிடும். ஒரு வார்த்தைதான்.

"ரெண்டு படிவம் குடுங்க" என்றாள்.

வியாழக்கிழமை ஆஸ்பத்திரியில் அவனைப் பார்த்ததும் அப்பாதான் படுத்திருக்கிறாரோ என்று ஒரு கணம் தோன்றியது. அவ்வளவு நரைத்திருந்தான். உதடு வெடித்திருந்தது. காலில் எடை கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். முதல் படிவத்தை நீட்டினாள். பதினான்கு ஆடு, புதன்கிழமை. படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டான். இரண்டாவதை வாங்கியவன் நெடுநேரம் படித்தான்.

"திங்கக்கிழமையா?"

"ஆமா. சாயங்காலம்."

"மடி?"

"கட்டியிருந்துச்சு. நான்தான் கறந்தேன்."

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். அவள் தலையைக் குனிந்துகொள்ளவில்லை. அதுமட்டும் தன்னால் செய்ய முடிந்ததே என்று நினைத்தாள். பக்கத்துக் கட்டிலில் யாரோ இருமினார்கள்.

"அன்னைக்கு டவர் இருந்துச்சு" என்றாள்.

அவன் காகிதத்தை நெஞ்சின் மேல் வைத்து, மடிப்பை விரலால் நீவி நீவிச் சரிசெய்தான். பேனாவைத் திருப்பித் தரவுமில்லை, கையெழுத்துப் போடவுமில்லை. கடைசியில், "வச்சிட்டுப் போ" என்றான். அவள் கதவருகே போனபோது குரல் மட்டும் வந்தது. "கொம்பு முறிஞ்ச ஆட்டைத் தனியாக் கட்டு. மத்ததைத் திங்க விடாது."

சாயங்காலம் அவளுடைய ஒன்பதும் கூப்பிட்ட குரலுக்கு வந்து பட்டிக்குள் நுழைந்தன. தம்பியுடைய ஆடுகள் சரிவிலேயே நின்றன. என்ன சொல்லி அவன் அவற்றைக் கூப்பிடுவான் என்று அவளுக்குத் தெரியவில்லை. கேட்டு வரத் தோன்றவில்லை. நாக்கைச் சொடுக்கிப் பார்த்தாள். சீட்டியடித்துப் பார்த்தாள். "வா, வா" என்று மனிதர்களைக் கூப்பிடுகிற மாதிரியும் கூப்பிட்டாள். ஒவ்வொரு சத்தத்துக்கும் அவை தலையைத் தூக்கி, அசைபோடுவதை நிறுத்தி அவளைப் பார்த்தன. பிறகு மறுபடியும் மேட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டன. அவள் கதவைத் திறந்தபடி விட்டுவிட்டு, சரிவில் கொஞ்ச தூரம் ஏறிப்போய், அவை மிரளாத இடமாகப் பார்த்துத் தரையில் உட்கார்ந்தாள்.