இன்னும் ரெண்டு முழம்

லலிதாம்பிகை பௌதிகப் புவியியலில் கோட்டை விட்டதற்கு அவள் மட்டும் காரணமில்லை, நயினாதீவும் ஒரு காரணம். ஒரு மலை உண்டா, ஒரு ஆறு உண்டா, தடுக்கி விழ ஒரு பள்ளமாவது உண்டா அந்தத் தீவில்? மண்வெட்டியைப் போட்டால் ஒரு சாண் மண், அதற்குக் கீழே சுண்ணாம்புக் கல். வீட்டு மதிலும் அதே கல், கோயில் மதிலும் அதே கல். இப்படி ஒரு ஊரில் பிறந்த பிள்ளையைப் பிடித்து, எரிமலைக் குழம்பு எப்படி இறுகும், பனிக்கட்டி ஆறு எப்படிப் பள்ளத்தாக்கை வெட்டும் என்று எழுதச் சொன்னால் அவள் என்னத்தை எழுத? பனிக்கட்டியை அவள் கண்டதே யாழ்ப்பாணத்தில் ஒரு சர்பத் கிளாசுக்குள்தான்.

ஆனால் மனதை அரித்துக்கொண்டிருந்தது அதுவல்ல. சோதினையில் ஒரு கேள்வி தரைக்கீழ் நீரைப் பற்றி வந்தது. அதாவது கிணற்றைப் பற்றி. அந்தப் பாடத்தை மட்டும் அவள் தொட்டும் பார்க்கவில்லை. "கிணத்தைப் பற்றி எனக்கு ஆர் படிப்பிக்கிறது? நாங்கள் பிறந்து வளந்ததே கிணத்தடியிலை" என்று அந்தப் பக்கங்களைத் தாண்டிப் போனவள். தீவார் எல்லாருக்கும் உள்ள திமிர்தான் அது. எந்த வளவில் நல்ல தண்ணி, எந்த வளவில் உப்புக் கரிக்கிற சவர்த் தண்ணி என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள். ஏன் என்று மட்டும் ஒருத்தரும் கேட்க மாட்டார்கள்.

திரும்ப எழுதத்தான் வேண்டும். பல்கலைக்கழக வளாகத்தில் படிப்பு லீவு விட்டதும் புத்தகத்தோடு புறப்பட்டாள். குறிகட்டுவான் துறையில் வள்ளத்தில் ஏறி உட்கார்ந்து, வேண்டாவெறுப்பாக அந்தப் பாடத்தைப் பிரித்தாள். தீவுகளின் அடியில் கடல் தண்ணி நிற்கும். மழைத் தண்ணி கல்லுக்குள்ளால் இறங்கி, பாரம் குறைந்தபடியால் அதற்கு மேலே மிதக்கும். மேலால் அள்ளினால் நல்ல தண்ணி. ஆசைப்பட்டு ஆழம் தோண்டினால் உப்பு மேலே ஏறும். வாசித்தவள் வாயைப் பிளந்தாள். அட, இது எங்கடை வீட்டுக் கதையெல்லோ!

வீட்டுப் படலையைத் திறந்தபோது கிணற்றுக்குள் கல்லுடைக்கிற அலவாங்கு டங் டங் என்று விழுந்துகொண்டிருந்தது.

கேட்டால், கல்யாண வேலையாம். அக்கா நாகபூசணிக்குக் கரம்பொனில் மாப்பிள்ளை பேசியிருந்தார்கள். இந்த வீடும் வளவும் கிணறும் அவளுக்குத்தான் சீதனம். அந்த ஒழுங்கை வீடுகளுக்குள் நல்ல தண்ணிக் கிணறு இது ஒன்றுதான். மாப்பிள்ளையின் தகப்பன் சந்திரமௌலீசக் குருக்கள் பெண் பார்க்க வந்த இடத்தில் பெண்ணைப் பார்த்ததை விடக் கிணற்றை எட்டிப் பார்த்ததுதான் அதிகம். ஆவணி மாதம், அடியில் முழங்கால் அளவு தண்ணி. மனுசன் முகத்தைச் சுளித்து, "இன்னும் ரெண்டு முழம் இறக்கிவிடுங்கோ, தண்ணி முட்ட முட்ட நிக்கும்" என்றாராம். பிள்ளையார் கோயிலில் பூசை செய்கிற அப்பா இரத்தினசபாபதி ஐயர், வருகிற சம்பந்தியிடம் இல்லை என்று சொல்லத் தெரியாதவர். ஓம் என்று விட்டார்.

"அப்பா, உடனை நிப்பாட்டுங்கோ!" லலிதா பையைக்கூட இறக்கவில்லை. "கீழை கடல் தண்ணி நிக்குது. இன்னும் இறக்கினால் கிணறு சவராகிப் போகும்."

"ஆர் சொன்னது?"

"புத்தகத்திலை கிடக்கு."

அக்கா குசினி அடுப்படியிலிருந்து சிரித்தாள். "எந்தப் புத்தகம்? நீ கோட்டை விட்டியே, அந்தப் புத்தகமோ?"

லலிதாவுக்குப் பத்திக்கொண்டு வந்தது. விறுவிறென்று சாமி அறைக்குள் போய்க் கண்ணாடி விளக்கைத் தூக்கி வந்து அப்பாவுக்கு முன்னால் வைத்தாள். கீழே தண்ணி, மேலே எண்ணெய், எண்ணெயில் மிதந்தபடி திரி எரிந்துகொண்டிருந்தது.

"இந்தாங்கோ அப்பா. எண்ணெய்தான் எங்கடை நல்ல தண்ணி. கீழை நிக்கிறது கடல். திரிதான் கிணறு. இப்ப உங்கடை சம்பந்தி சொன்ன மாதிரி ரெண்டு முழம் இறக்கிப் பாப்பம்."

ஈர்க்கால் திரியை அமத்தினாள். அது அடித் தண்ணியில் பட்டுச் சடசடவென்று பொரிந்து அணைந்தது.

இதற்கு மேல் எவரால் விளங்கப்படுத்த ஏலும்? ஆனால் அந்த நேரம் பார்த்துத்தானா அம்மா அன்னபூரணம் வர வேண்டும்! "ஐயோ பிள்ளையாரே! வெள்ளிக்கிழமையும் அதுவுமாய், கலியாணம் பேசின வீட்டிலை விளக்கை நூத்துப்போட்டாளே பாவி!" என்று தலையில் கை வைத்தாள். அவ்வளவுதான். கடலும் போச்சு, மழையும் போச்சு. லலிதா விளக்கை நூத்த கதைதான் அன்று முழுக்க நடந்தது.

அப்பா மட்டும் அணைந்த திரியையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீ சொல்லுறது விளங்குது பிள்ளை" என்றார் மெதுவாக. "ஆனால் நான் ஓம் எண்டு சொல்லிப்போட்டன்."

விளங்காவிட்டால் கூடப் பரவாயில்லை, விளங்கியும் இப்படிச் சொல்கிற மனுசனோடு என்ன கதைக்கிறது?

அடுத்த நாள் கிணறு வெட்டுகிற மயில்வாகனம் கீழேயிருந்து கத்தினான். "ஐயா, ஊத்துக் கண் திறந்திட்டுது!" தண்ணி குபுகுபுவென்று வந்தது. எல்லாரும் அள்ளிக் குடித்தார்கள். நல்ல தண்ணிதான்! அம்மா தேங்காய் உடைத்தாள். அக்கா ஒரு செம்பு நிறையத் தண்ணியைக் கொண்டுவந்து தங்கச்சியின் புத்தகத்துக்குப் பக்கத்தில் வைத்து, "குடிச்சுப்போட்டுப் படியடி, மண்டையிலை ஏறும்" என்றாள். மயில்வாகனமும் சிரித்தான். லலிதா செம்பைத் தள்ளி வைத்துவிட்டுப் புத்தகத்துக்குள் முகத்தைப் புதைத்தாள். நிமிர்ந்தால் அழுகை வந்திருக்கும்.

பிறகும் அடிக் கல்லை ஒழுங்காக்குவதற்காக இறைத்துக்கொண்டே இருந்தார்கள். இறைக்க இறைக்க, முதலில் பருப்பு அவிய மறுத்தது. அடுப்பில் எவ்வளவு நேரம் கிடந்தும் கல்லுக் கல்லாய் நின்றது. கடைக்காரன் பழைய பருப்பைத் தந்துவிட்டான் என்று அம்மா அவனைத் திட்டினாள். பிறகு தேத்தண்ணி கரித்தது. சீனி காணாது என்று இன்னும் சீனி போட்டாள். பிறகு பக்கத்து வீட்டுச் சறோஜினிதேவி குடத்தோடு வந்து அள்ளி, ஒரு வாய் வைத்துப் பார்த்து, அள்ளியதை ஊற்றிவிட்டு வெறுங்குடத்தோடு திரும்பிப் போனாள். அப்போதுதான் வீட்டில் எல்லாருக்கும் விளங்கியது.

அக்கா கிணற்றடியில் வாளியோடு நின்றாள். "இனி என்னடி செய்யிறது?" என்றாள் மெல்ல. ஒரு பகிடி இல்லை, ஒரு சிரிப்பு இல்லை.

"இறைக்கிறதை நிப்பாட்டி, தோண்டின கல்லைத் திரும்பக் கொட்டி அடியை மூட வேணும். மாரி மழை விழுந்தால் நல்ல தண்ணி மேலை வந்து நிக்கும். இப்பவே மூடினால் தப்பலாம்."

அப்பா தலையாட்டினார். "ஓம் ஓம், மூடுவம். புதன்கிழமை மாப்பிள்ளை வீட்டார் வந்து பாத்துப்போட்டுப் போகட்டும். பிறகு மூடுவம்."

"நிறையத் தண்ணி கிடக்கெண்டு காட்டிப்போட்டு, பேந்து எப்பிடியப்பா மூடுறது? அவை விடுவினமோ?"

"வாய் காட்டாதை பிள்ளை. அக்காவின்ரை கலியாணம்."

லலிதா தலையில் அடித்துக்கொண்டாள். எரிமலையைப் பற்றி எழுதியிருந்தால்கூட இந்த வீட்டை விடச் சுலபமாக இருந்திருக்கும்.

புதன்கிழமை சந்திரமௌலீசக் குருக்கள் சால்வையை வீசிக்கொண்டு வந்தார். நேரே கிணற்றடிக்குத்தான். எட்டிப் பார்த்தார். நெஞ்சளவு தண்ணி பளபளத்தது. "பாத்தியளே! நான் சொன்னனான் எல்லோ, ரெண்டு முழம் எண்டு!" என்று இடுப்பில் கை வைத்து நிமிர்ந்தார். அம்மா கோயில் கிணற்றுத் தண்ணியில் போட்ட தேத்தண்ணியோடு அவசரமாக வந்தாள். ஆனால் அதற்கு முன்னால் நாகபூசணி துலாவைப் பதித்து, வாளியில் அள்ளி, செம்பில் வார்த்து அவர் கையில் கொடுத்துவிட்டாள்.

"மாமா, வடிவாக் குடிச்சுப் பாத்துச் சொல்லுங்கோ. நாளைக்கு உங்கடை மகனுக்கும் இதுதான்."

மனுசன் அண்ணாந்து மடமடவென்று ஊற்றினார். ஊற்றிய வேகத்தில் நின்றார். கன்னம் ரெண்டும் உப்பிப் போய் நின்றது. கண் துப்ப இடம் தேடியது. சுற்றிவர எல்லாரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ரெண்டு முழம் என்று சொன்ன வாய் அல்லவா, எப்படித் துப்பும்? கஷ்டப்பட்டு விழுங்கினார்.

"நல்ல தண்ணி" என்றார், கண்ணில் நீர் முட்ட. "கொஞ்சம் கனதியான தண்ணி. வயித்துக்கு நல்லது."

அப்பா நிலத்தைப் பார்த்தபடி, "ஓம், கனதியான தண்ணிதான்" என்றார்.

லலிதாவுக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. ஒரு கிணறே செத்துக்கொண்டிருக்கிறது, ரெண்டு பெரிய மனுசர் நின்று கனதி கதைக்கிறார்கள்! வாயைத் திறக்கப் போனவளைக் கையால் விலக்கிக்கொண்டு அக்கா கடந்து போனாள்.

கிணற்றடியில் தோண்டிய கல் குவியலாகக் கிடந்தது. நாகபூசணி புதுச் சேலையின் தலைப்பை இடுப்பில் இழுத்துச் செருகினாள். பெரிய கல் ஒன்றை வயிற்றோடு அணைத்துத் தூக்கி, கிணற்றுக் கட்டின் மேல் வைத்துத் தள்ளினாள். தொம் என்று விழுந்தது. சிதறிய தண்ணி குருக்களின் சால்வையை நனைத்தது.

"இதென்ன பிள்ளை, இதென்ன விசர் வேலை!"

"கிணத்தை மூடுறன் மாமா" என்றாள் அவள் அடுத்த கல்லுக்குக் குனிந்தபடி. "கலியாணம் நடந்தாலும் நடக்காட்டிலும் இந்தக் கிணத்திலை அள்ளிக் குடிக்கப் போறது நான்."

நாகபூசணி தங்கச்சி பக்கம் திரும்பிச் சீறினாள்.

"என்னடி விறைச்சுப் போய் நிக்கிறாய்? எவ்வளவுக்கு மூட வேணும் எண்டு உன்ரை புத்தகத்திலை கிடக்கோ?"

"ரெண்டு முழம், அக்கா" என்றாள் லலிதாம்பிகை, ஒரு கல்லைத் தூக்கிக்கொண்டு.